பிறந்த குழந்தையின் பாவம் எது?

(ஜும்ஆ உரை)

 



சென்ற மாதம் ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின்னர் நமது மஹல்லாவைச் சார்ந்த ஒரு சகோதரர் என்னிடம் வந்து அமர்ந்தார். தம் மனைவி அனுப்பிய கேள்வி ஒன்று இருக்கிறது என்றார். அவருடைய மனைவி பிரசவத்திற்காக மருத்துவமனையில் இருந்தபோது அடுத்த கட்டிலில் ஒரு கிறிஸ்தவ சகோதரி இருந்திருக்கிறார். ஒரே இரவில் இருவருக்கும் குழந்தை பிறந்தது. அந்தச் சகோதரியின் குழந்தை மட்டும் விடிவதற்குள் இறந்துவிட்டது. குழந்தையின் பாட்டி, ஞானஸ்நானம் கொடுக்கக்கூட நேரம் வாய்க்கவில்லையே என்று சொல்லிச் சொல்லி அழுதிருக்கிறார். ஏன் அப்படி அழுகிறார் என்று விசாரித்த நம் சகோதரி, வீட்டுக்கு வந்து அதனைப் பேசிக்கொண்டிருக்கையில், பத்து வயது மூத்த மகள் கேட்டாளாம்: “உம்மா, அந்தப் பாப்பா என்ன தப்பு செய்தது?”

தாய்க்குப் பதில் தெரியும். ஆனால் சொல்லும் விதம் தெரியவில்லை. “ஹஜ்ரத்திடம் கேட்டு வாருங்கள்” என்று கணவரை அனுப்பிவிட்டார். அச்சிறுமியின் கேள்விதான் இன்றைய உரையின் பொருள்.

அதற்குள் நுழையுமுன் என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். மத்ரஸாவில் ஓதிக்கொண்டிருந்த காலத்தில் ஓர் இரயில் பயணத்தில் ஒரு போதகருடன் எனக்கு வாதம் ஏற்பட்டது. “இறைவனுக்கு மகன் என்கிறீர்களே, அப்படியானால் மனைவி எங்கே?” என்று உரத்த குரலில் கேட்டேன். பெட்டியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்த முதியவர் பேச்சை நிறுத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். வெற்றி பெற்றுவிட்டதாக எண்ணி என் உஸ்தாதிடம் பெருமையுடன் கூறினேன். அவர்கள் முகம் வாடிவிட்டது. “அவர் சொல்லாத ஒன்றுக்கு நீ பதில் சொல்லியிருக்கிறாய். இறைவன் வாதமாக எடுத்துரைத்ததை நீ கேலியாக்கிவிட்டாய். அவர் எதை நம்புகிறார் என்று ஒருமுறையாவது கேட்டாயா?” என்றார்கள். நான் கேட்கவில்லை. அன்று முதல், பிறர் நம்பிக்கையைப் பற்றிப் பேசுமுன் அவர்களே அதனை எப்படிச் சொல்கிறார்கள் என்று அறிந்துகொள்ள முயன்று வருகிறேன். வேதக்காரர்களுடன் அழகிய முறையிலேயே தர்க்கம் செய்யுங்கள் என்று 29:46 வசனத்தில் நமக்கு இடப்பட்டுள்ள கட்டளையும் அதுவே.

சகோதரர்களே! கிறிஸ்தவர்கள் ஜென்மப் பாவம் என்று சொல்வது யாது? முதல் மனிதராகிய ஆதம் (அலை) அவர்கள் விலக்கப்பட்ட மரத்தின் கனியை உண்டார்கள். அந்த வீழ்ச்சி அவர்களோடு நின்றுவிடவில்லை. அவர்களின் வழித்தோன்றல்கள் அனைவரும் அதன் கறையுடனேயே பிறக்கிறார்கள். அக்கறையை மனிதன் தன் முயற்சியால் நீக்கிக்கொள்ள இயலாது. ஆகவே இறைவனின் குமாரனே மனிதனாக வந்து சிலுவையில் உயிரை ஈடாகக் கொடுத்தான் என்பது அக்கொள்கையின் சாரம். இங்கே இரண்டு கொள்கைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதைக் கவனியுங்கள். கடன் அளவற்றது என்பதால்தான் அதனை அடைக்க வருபவரும் அளவற்றவராக இருக்க வேண்டியிருக்கிறது. எனவே முதலில் கடன் உண்மையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இக்கொள்கைக்கு இன்று நாம் காணும் வடிவத்தைக் கொடுத்தவர் அகஸ்டின் என்னும் பேரறிஞர். கி.பி. 354 முதல் 430 வரை வாழ்ந்தவர். இன்றைய அல்ஜீரியாவில் அன்னாபா என்று அழைக்கப்படும் ஊரில், அன்று ஹிப்போ எனப்பட்ட நகரில், ஆயராக இருந்தவர். அவர் காலத்தில் பெலாஜியஸ் என்ற துறவி, ஆதமின் பாவம் ஆதமையே சாரும், பிறக்கும் குழந்தை குற்றமற்றது என்று போதித்தார். இருவருக்கும் நடந்த நீண்ட விவாதத்தின் முடிவில், 418-ஆம் ஆண்டு கார்த்தேஜ் நகரில் கூடிய ஆயர்கள் பெலாஜியஸின் கருத்தைக் கண்டித்துத் தீர்மானம் இயற்றினர். பின்னர் 1546-ஆம் ஆண்டு திரெந்து சங்கம் அதனை மீண்டும் உறுதி செய்தது.

அகஸ்டின் பெரிதும் சார்ந்து நின்றது, பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் ஐந்தாம் அதிகாரம் 12-ஆம் வசனத்தை. கிரேக்க மூலத்தில் அவ்வசனத்தின் இறுதிப் பகுதியை, எல்லாரும் பாவம் செய்தமையால் மரணம் எல்லாருக்கும் பரவியது என்ற பொருளில் கிறிஸ்தவ அறிஞர்களுள் பெரும்பாலோர் இன்று கொள்கின்றனர். அகஸ்டின் கையில் இருந்த இலத்தீன் மொழிபெயர்ப்போ, அந்த ஒருவருக்குள்ளேயே எல்லாரும் பாவம் செய்தார்கள் என்று பொருள்படும்படி அமைந்திருந்தது. ஓர் இணைப்புச் சொல்லில் நேர்ந்த மாற்றம்! அந்த ஒரு சொல்லே இக்கொள்கையின் முழு ஆதாரம் என்று நான் சொல்லமாட்டேன். அவர்களிடம் வேறு வாதங்களும் உள்ளன. ஆயினும் கிரேக்க மொழியிலேயே ஓதிவந்த கீழைத் திருச்சபைகள், ஆதமிடமிருந்து மனிதகுலம் பெற்றது மரணத்தையும் பலவீனத்தையுமே அன்றி அவருடைய குற்றத்தை அன்று என்றே பெரும்பாலும் கூறி வந்துள்ளன. அதாவது, பரம்பரைக் குற்றம் என்பது கிறிஸ்தவ உலகம் முழுவதும் ஒருமித்து ஏற்ற கருத்தன்று.

இனி அக்குழந்தையிடம் வருவோம். குற்றம் பிறவியிலேயே ஒட்டியிருக்கிறது என்றால், ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தையின் கதி என்ன? அகஸ்டின் தம் கொள்கையிலிருந்து பின்வாங்கவில்லை. அக்குழந்தைகளுக்கும் தண்டனை உண்டு. ஆனால் அது தண்டனைகளிலெல்லாம் மிக மிக இலேசானது என்றார். பிற்கால அறிஞர்களுக்கு அதுவும் பொறுக்கவில்லை. வேதனையும் இல்லை, இறைதரிசனமும் இல்லை என்ற ஓர் இடைநிலையை வகுத்து அதற்கு லிம்போ என்று பெயரிட்டனர். நூற்றாண்டுகள் பல கடந்தபின், 2007-ஆம் ஆண்டு வத்திக்கானின் சர்வதேச இறையியல் ஆணையம் ஓர் அறிக்கை வெளியிட்டது. லிம்போ என்பது கட்டாயமாக நம்பவேண்டிய கோட்பாடு அன்று, அக்குழந்தைகள் ஈடேற்றம் பெறுவர் என்று நம்புவதற்குத் தக்க காரணங்கள் உள்ளன என்பது அதன் சாரம்.

இதனைக் கேட்டு நாம் ஏளனம் செய்யலாகாது. அந்த அறிக்கையை எழுதியவர்களின் இதயம் சரியான திசையில்தான் அசைந்திருக்கிறது. இறைவன் ஒரு பச்சிளங்குழந்தையைத் தண்டிக்கமாட்டான் என்று அவர்களின் இயல்புணர்ச்சி சொல்லியிருக்கிறது. நாம் ஃபித்ரத் என்று சொல்வது அதைத்தான். குழந்தைகள் என்னிடம் வருவதைத் தடுக்காதீர்கள், இறையரசு இத்தகையோருக்கே உரியது என்ற கருத்தில் ஈஸா (அலை) அவர்கள் கூறியதாக அவர்களுடைய மாற்கு சுவிசேஷத்திலேயே (10:14) இருக்கிறது. அன்று அவர்களிடம் கொண்டுவரப்பட்ட அக்குழந்தைகளுக்கு யார் ஞானஸ்நானம் கொடுத்திருந்தார்கள்?

பழைய ஏற்பாட்டைப் பாருங்கள். ஆதமின் வரலாறு ஆதியாகமம் மூன்றாம் அதிகாரத்தில் வருகிறது. அந்த அதிகாரத்தில் பாவம் என்ற சொல்லே இல்லை. அச்சொல் முதன்முதலாக வருவது அடுத்த அதிகாரத்தில், ஆதமின் மகன் தன் சகோதரனைக் கொல்லப் புகும் இடத்தில். அங்கும், பாவம் வாசலில் படுத்திருக்கிறது, நீ அதனை அடக்கி ஆளவேண்டும் என்ற கருத்திலேயே அவனுக்கு எச்சரிக்கை செய்யப்படுகிறது. அடக்க முடியாத ஒன்றை அடக்கு என்று இறைவன் கட்டளையிடுவானா? அந்நூல்களை மூலமொழியில் ஓதிவரும் யூதர்களிடம் ஜென்மப் பாவம் என்னும் கொள்கை கிடையாது என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

பாபிலோனில் சிறைப்பட்டிருந்த இஸ்ரவேலர்களிடையே ஒரு பழமொழி வழங்கி வந்தது. தகப்பன்மார் புளித்த திராட்சையைத் தின்றார்கள், பிள்ளைகளின் பற்கள் கூசிப்போயின என்பது அதன் பொருள். முன்னோர் செய்ததற்கு நாங்கள் அனுபவிக்கிறோம் என்று அவர்கள் சொல்லிக்கொண்டார்கள். எசேக்கியேல் ஆகமத்தின் 18-ஆம் அதிகாரம் முழுவதும் இப்பழமொழியை மறுப்பதற்காகவே அமைந்தது. மகன் தகப்பனின் அக்கிரமத்தைச் சுமப்பதில்லை, தகப்பன் மகனுடையதைச் சுமப்பதில்லை என்று அதன் 20-ஆம் வசனம் தீர்ப்பளிக்கிறது. உபாகமம் 24:16-இல் உள்ள சட்டமும் அதுவே.

இப்போது திருக்குர்ஆனின் 53-ஆம் அத்தியாயத்தைத் திறந்து 36 முதல் 39 வரையிலான வசனங்களை ஓதிப்பாருங்கள். மூஸாவின் ஏடுகளிலும், வாக்கை நிறைவேற்றிய இப்ராஹீமின் ஏடுகளிலும் உள்ளது இவனுக்கு அறிவிக்கப்படவில்லையா என்று கேட்டுவிட்டு, சுமை சுமக்கும் எவரும் மற்றவரின் சுமையைச் சுமக்கமாட்டார் என்பதை அல்லாஹ் எடுத்துரைக்கிறான். புதிதாக ஒன்றைச் சொல்வதாக அன்று. மூஸாவுக்குச் சொன்னதையே திரும்பச் சொல்வதாக! எழுதப் படிக்கத் தெரியாத நபி (ஸல்) அவர்கள் உபாகமத்தைப் படித்துவிட்டா இதனைச் சொன்னார்கள்? இக்கருத்து 6:164, 17:15, 35:18, 39:7 ஆகிய இடங்களிலும் வருகிறது. ஐந்து முறை ஓதப்படும் அளவுக்கு இது முக்கியமான அடிப்படை.

ஆதம் (அலை) அவர்களின் நிகழ்ச்சியைத் திருக்குர்ஆன் கூறும் முறையே வேறு. ஹவ்வா (அலை) அவர்கள்தாம் கெடுத்தார்கள் என்று அங்கே இல்லை. ஷைத்தான் இருவரையும் சறுக்கச் செய்தான் என்றே உள்ளது. இருவரும் சேர்ந்தே, தங்களுக்குத் தாங்களே அநீதி இழைத்துக்கொண்டதாக ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்கள் (7:23). அல்லாஹ் தவ்பாவை ஏற்றுக்கொண்டான் (2:37). அவரைத் தேர்ந்தெடுத்து நேர்வழியும் காட்டினான் (20:122). வழக்கு அங்கேயே முடிந்துவிட்டது. மன்னிக்கப்பட்ட குற்றம் எப்படிப் பிள்ளைகளுக்குச் சொத்தாக இறங்கும்?

“அப்படியானால் நாம் சுவனத்தில் அல்லவா பிறந்திருக்க வேண்டும்? அவர்களின் தவறால்தானே பூமியில் கிடந்து துன்பப்படுகிறோம்?” என்று ஒரு கல்லூரி மாணவர் என்னிடம் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. இதற்கு இரண்டு பதில்கள் உண்டு. ஒன்று, ஆதமைப் படைப்பதற்கு முன்பே, பூமியில் ஒரு பிரதிநிதியை ஆக்கப்போவதாக அல்லாஹ் மலக்குகளிடம் அறிவித்துவிட்டான் (2:30). பூமி நமக்குச் சிறைச்சாலையாக ஒதுக்கப்பட்டதன்று. நமக்கென்று முன்னரே தீர்மானிக்கப்பட்ட பணியிடம். இரண்டாவது, ஒரு செயலின் விளைவு வேறு, அதன் குற்றம் வேறு. தகப்பன் சூதாடி வீட்டை விற்றுவிட்டால் பிள்ளைகள் வாடகை வீட்டில் வாழ நேரிடும். அது விளைவு. அதற்காக அப்பிள்ளைகளைச் சூதாடிகள் என்று எந்த நீதிபதியும் தண்டிப்பதில்லை.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள், ஒவ்வொரு குழந்தையும் ஃபித்ரத் என்னும் இயற்கை நெறியிலேயே பிறக்கிறது, பெற்றோரே அதனை யூதனாகவோ கிறிஸ்தவனாகவோ நெருப்பு வணங்கியாகவோ ஆக்குகின்றனர் என்ற கருத்தில் கூறிய நபிமொழி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் உள்ளது. அதனுடன் அவர்கள் கூறிய உவமை எனக்கு மிகவும் பிடித்தமானது. கால்நடை குட்டி போடும்போது முழு உறுப்புகளுடன்தான் போடுகிறது. காது அறுபட்ட குட்டி எதனையாவது பிறக்கும்போதே கண்டதுண்டா என்று கேட்டார்கள். அன்றைய அரபியர் தம் ஒட்டகங்களுக்கு அடையாளமாகக் காதைக் கீறிவிடுவார்கள். கீறல் மனிதன் போட்டது. பிறவி முழுமையானது.

சிலர் மற்றொரு நபிமொழியைக் காட்டி நம் இளைஞர்களை மடக்குவதுண்டு. பிறக்கும் குழந்தை ஒவ்வொன்றையும் ஷைத்தான் தீண்டுகிறான், மர்யமையும் அவர்தம் மகனையும் தவிர என்ற கருத்தில் புகாரியில் வரும் செய்திதான் அது. “பார்த்தீர்களா, ஈஸா மட்டுமே ஜென்மப் பாவம் அற்றவர் என்று உங்கள் நபியே ஒப்புக்கொள்கிறார்” என்பார்கள். பகைவன் ஒரு குழந்தையைத் தீண்டி அழவைத்தால் குற்றவாளி யார், குழந்தையா? மேலும் அந்தப் பாதுகாப்பு, மர்யமின் தாயார் செய்த பிரார்த்தனைக்குக் கிடைத்த பதில் என்பதை 3:36 வசனம் காட்டுகிறது. அப்பாதுகாப்பில் மர்யம் (அலை) அவர்களுக்கும் பங்கு இருக்கிறதே! அதனால் அவர்கள் கடவுளாகிவிடவில்லை.

அன்பர்களே! கடனே இல்லை என்றான பின்னர் ஈட்டைப் பற்றிய பேச்சு தானாகவே தளர்ந்துவிடுகிறது. ஆயினும் தேவகுமாரன் என்ற சொல்லைப் பற்றிச் சிறிது பார்ப்போம். முதலில் ஒரு நியாயத்தைச் செய்துவிடுவோம். கற்றறிந்த கிறிஸ்தவர் எவரும் இறைவன் மனிதரைப்போல் பிள்ளை பெற்றான் என்று சொல்வதில்லை. காலத்திற்கு அப்பாற்பட்ட ஓர் உறவையே பிதா, குமாரன் என்ற சொற்களால் குறிப்பதாகச் சொல்கின்றனர். நான் இரயிலில் அறியாதிருந்தது இதைத்தான். ஆகவே நமது கேள்வி உடல் சார்ந்த பிறப்பைப் பற்றியதன்று. படைத்தவனின் தன்மையில் வேறொருவருக்குப் பங்கு உண்டா, ஈஸா (அலை) அவர்கள் அப்படி ஒரு பங்கைக் கோரினார்களா என்பதே நம் கேள்வி.

பைபிளின் வழக்கில் மகன் என்ற சொல் பலருக்கு வந்துள்ளது. யாத்திராகமம் 4:22-இல் இஸ்ரவேல் சமுதாயமே இறைவனின் மூத்த மகன். லூக்கா 3:38-இல் வம்ச வரிசையின் முடிவில் ஆதம் இறைவனின் மகன். மத்தேயு 5:9-இல் சமாதானம் செய்கிறவர்கள் இறைவனின் மக்கள். இங்கெல்லாம் அன்புக்குரியவர், நல்லடியார் என்று பொருள் கொள்பவர்கள், ஒருவர் விஷயத்தில் மட்டும் பொருளை மாற்றுவது ஏன்? தந்தையின்றிப் பிறந்தார் என்பதாலா? தாயும் தந்தையும் இன்றிப் படைக்கப்பட்டவர் ஆதம் ஆயிற்றே! அவ்விருவரின் நிலையும் ஒன்றே என்றுதான் 3:59 வசனம் நினைவூட்டுகிறது.

இதற்கு அவர்கள், யோவான் சுவிசேஷத்தின் தொடக்கத்தையும், தோமா கூறியதாக அதே நூலில் வரும் சொல்லையும் (20:28) காட்டுவார்கள். அதே அதிகாரத்தில், அதற்குப் பதினொரு வசனங்களுக்கு முன்னர், என் தந்தையும் உங்கள் தந்தையும், என் இறைவனும் உங்கள் இறைவனுமானவனிடம் செல்கிறேன் என்று ஈஸா (அலை) அவர்கள் கூறியதாக இருக்கிறது. தமக்கு ஓர் இறைவன் உண்டு என்று சொல்பவர் யார்? மாற்கு 13:32-இல் இறுதிநாளின் வேளையை மகனும் அறியார் என்கிறார்கள். மனிதத் தன்மையில் அறியார், இறைத்தன்மையில் அறிவார் என்று அவர்கள் விளக்குவர். அந்த இரு தன்மைக் கோட்பாடு 451-ஆம் ஆண்டு கல்செதோன் சங்கத்தில் வரையறுக்கப்பட்டது. கலிலேயாவின் மீனவர்கள் தம் ஆசிரியரின் வாயிலிருந்து கேட்டது இந்த வரையறையைத்தானா என்று அமைதியாகக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

கி.பி. 325-இல் நிகேயா நகரில், இன்றைய துருக்கியின் இஸ்னிக் என்னும் ஊரில், பேரரசர் கான்ஸ்டன்டைன் கூட்டிய சங்கத்தைப் பற்றி நம் மேடைகளில் அடிக்கடி பேசப்படுகிறது. 2025-ஆம் ஆண்டுடன் அதற்கு 1700 ஆண்டுகள் நிறைவுற்றன. அலெக்சாந்திரியாவின் குரு ஆரியஸ், குமாரனுக்கு ஒரு தொடக்கம் உண்டு, அவர் படைக்கப்பட்டவரே என்றார். சங்கம் அதனை மறுத்து, பிதாவும் குமாரனும் ஒரே சாரம் உடையவர்கள் என்று முடிவு செய்தது. ஈஸா (அலை) அவர்கள் உயர்த்தப்பட்டு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின்னரும் இது விவாதத்திற்குரியதாக இருந்தது என்பதே நமக்குப் போதுமானது. அதற்கு மேல், நிகேயாவில்தான் நான்கு சுவிசேஷங்களையும் தேர்ந்தெடுத்து மற்றவற்றை எரித்தார்கள் என்று சிலர் சொல்வது வரலாறு அன்று, அதனைச் சொல்லாதீர்கள். ஆரியஸை முஸ்லிமாக்கவும் வேண்டாம். படைப்பினங்களெல்லாம் குமாரன் வழியாகவே உண்டாயின என்று அவரும் நம்பினார். சத்தியத்திற்குப் பொய்யின் முட்டுக்கட்டை தேவையில்லை.

தந்தை என்ற சொல்லில் உள்ள அன்பு உங்கள் மார்க்கத்தில் இல்லையே என்று ஒரு கிறிஸ்தவ ஆசிரியர் என்னிடம் மனம் வருந்திச் சொன்னார். அவருக்கு ஒரு நிகழ்ச்சியைச் சொன்னேன். கைதிகளிடையே ஒரு பெண் தன் குழந்தையைத் தேடி அலைந்தாள். கண்டதும் அள்ளி எடுத்து மார்போடு அணைத்துப் பாலூட்டினாள். இவள் தன் பிள்ளையை நெருப்பில் எறிவாளா என்று நபி (ஸல்) அவர்கள் தோழர்களிடம் கேட்டார்கள். மாட்டாள் என்றனர். இவள் தன் பிள்ளையிடம் காட்டும் இரக்கத்தைவிட அல்லாஹ் தன் அடியார்கள் மீது அதிக இரக்கமுடையவன் என்றார்கள். உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. அவனுடைய அன்பைப் பெற அவனுக்குப் பிள்ளையாக வேண்டியதில்லை. அடியானாக இருந்தால் போதும். அடியானாக இருப்பதை மஸீஹ் ஒருபோதும் இழிவாகக் கருதமாட்டார் என்று 4:172 வசனம் கூறுகிறது. தொட்டிலில் அவர்கள் பேசிய முதல் பேச்சே, தாம் அல்லாஹ்வின் அடியார் என்பதுதான் (19:30).

ஜமாஅத்தார்களே! இதுவரை நான் கூறியவற்றுக்குத் தலையசைத்தீர்கள். இனிச் சொல்வதற்கும் தலையசைப்பீர்களா என்று பார்க்கிறேன். இரு மாதங்களுக்கு முன் ஒரு நல்ல பெண்ணுக்கு வந்த சம்பந்தம் நின்றுபோனது. காரணம், அப்பெண்ணின் தகப்பனார் இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு வழக்கில் சிறை சென்றவர். பெண் அப்போது பால்குடி. பேச்சை முறித்தவர்கள் ஐந்து வேளையும் இப்பள்ளியில் தொழுபவர்கள். சுமை சுமப்பவர் மற்றவரின் சுமையைச் சுமக்கமாட்டார் என்று ஐந்து இடங்களில் ஓதும் நாம், ஒரு பெண் குழந்தையின் தலையில் அவள் தகப்பனின் சுமையை ஏற்றி வைத்துவிட்டோம். தகாத உறவில் பிறந்த குழந்தையைப் பார்த்து முகம் சுளிக்கிறோம். மருமகள் வந்த மாதம் வியாபாரம் நொடித்தால் அவள் கால் ராசி என்கிறோம். ஜென்மப் பாவத்தை நூலில் மறுத்துவிட்டு வீட்டில் கடைப்பிடிக்கிறோம்.

அபூ ரிம்ஸா (ரலி) அவர்கள் தம் தந்தையுடன் நபி (ஸல்) அவர்களிடம் சென்றபோது, இவர் உம் மகனா என்று கேட்டறிந்த பின், இவர் செய்யும் குற்றம் உம்மைச் சேராது, நீர் செய்யும் குற்றம் இவரைச் சேராது என்ற கருத்தில் கூறி, மேற்சொன்ன வசனத்தையே நபியவர்கள் ஓதினார்கள். அபூதாவூதில் உள்ளது இது. கொலைகாரன் கிடைக்காவிட்டால் அவன் குலத்தில் எவரையேனும் கொன்று பழிதீர்த்த ஒரு சமுதாயத்தில் சொல்லப்பட்ட வார்த்தை என்பதை நினைத்துப் பார்த்தால்தான் அதன் கனம் விளங்கும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பாவம் பரம்பரையாக வராதென்றால் நன்மையும் வராது. என் பாட்டனார் பெரிய ஆலிம், எங்கள் குடும்பம் இன்ன வழி என்று சொல்லிக்கொண்டு சுபுஹுத் தொழுகைக்கு எழாதவர்கள் இருக்கிறார்கள். தம் அருமை மகள் ஃபாத்திமா (ரலி) அவர்களைப் பார்த்தே, என் செல்வத்தில் வேண்டியதைக் கேள், அல்லாஹ்விடம் உனக்காக நான் எதுவும் செய்ய இயலாது என்ற கருத்தில் அண்ணலார் கூறினார்களே! தம் மகன் இப்ராஹீம் மரணித்த அன்று சூரிய கிரகணம் ஏற்பட்டு, அம்மரணத்திற்காகவே அது நிகழ்ந்தது என்று மக்கள் பேசியபோது, எவருடைய மரணத்திற்காகவும் வாழ்வுக்காகவும் சூரியனும் சந்திரனும் கிரகணம் பிடிப்பதில்லை என்று துக்கத்தின் நடுவிலும் திருத்தினார்கள். மர்யமின் மகனைக் கிறிஸ்தவர்கள் உயர்த்தியதுபோல் என்னை உயர்த்தாதீர்கள், அடியார் என்றும் தூதர் என்றுமே சொல்லுங்கள் என்று எச்சரித்தவர்களும் அவர்களே. அன்று அவர்கள் மௌனமாக இருந்திருந்தால் ஒரு தேவகுமாரக் கொள்கை மதீனாவிலும் முளைத்திருக்கும்.

நஜ்ரானிலிருந்து கிறிஸ்தவத் தூதுக்குழுவினர் மதீனா வந்தபோது நடந்ததையும் மறவாதீர்கள். அவர்களின் வழிபாட்டு நேரம் வந்ததும் மஸ்ஜிதுந் நபவியிலேயே கிழக்கு நோக்கி நின்று வழிபட்டார்கள் என்றும், அவர்களை விட்டுவிடுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள் என்றும் வரலாற்றாசிரியர் இப்னு இஸ்ஹாக் பதிவு செய்துள்ளார். ஈஸா (அலை) அவர்களைப் பற்றிய விவாதத்தில் அணுவளவும் விட்டுக்கொடுக்கவில்லை. அவர்கள் நம்பிக்கையை மாற்றாமலே உடன்படிக்கை செய்துகொண்டு ஊர் திரும்பினார்கள். தனக்கு மகன் உண்டு என்று மக்கள் சொல்வதைக் கேட்டும் அவர்களுக்கு உணவும் ஆரோக்கியமும் வழங்கிக்கொண்டிருக்கும் அல்லாஹ்வைவிடப் பொறுமையாளர் எவருமில்லை என்பது நபிமொழி. அவனே பொறுத்திருக்கையில் தெருவில் நின்று நாம் அண்டை வீட்டாரிடம் கத்துவது எதற்காக?

இனி அச்சிறுமிக்கு அனுப்பிய பதில். “அந்தப் பாப்பா ஒரு தப்பும் செய்யவில்லை” என்று சொல்லச் சொன்னேன். அத்துடன், நபி (ஸல்) அவர்கள் கண்ட ஒரு கனவையும் சொல்லச் சொன்னேன். ஸமுரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் அந்நீண்ட செய்தி புகாரியில் உள்ளது. பசுமையான தோட்டம் ஒன்றில் மிக உயரமான ஒருவரையும் அவரைச் சுற்றித் திரளான குழந்தைகளையும் கண்டார்கள். அவர் இப்ராஹீம் (அலை) என்றும், அக்குழந்தைகள் இயற்கை நெறியில் மரணித்தவர்கள் என்றும் விளக்கப்பட்டது. இணைவைப்பவர்களின் குழந்தைகளுமா என்று தோழர்கள் கேட்டதற்கு, அவர்களின் குழந்தைகளும்தான் என்று பதிலளித்தார்கள். பிறமதத்தாரின் குழந்தைகளைப் பற்றி அறிஞர்களிடையே பல கருத்துகள் உண்டு. அவர்கள் சுவனவாசிகளே என்பதே சரியான கருத்து என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் முடிவு கூறியுள்ளார்கள்.

பத்து நாட்கள் கழித்து அச்சகோதரர் மீண்டும் வந்தார். அவருடைய மனைவி, குழந்தையை இழந்த அந்தச் சகோதரியின் வீட்டுக்கு மகளையும் அழைத்துச் சென்று பார்த்து வந்திருக்கிறார். பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கையில் சிறுமி அந்தப் பாட்டியின் அருகில் போய் அமர்ந்து, தோட்டத்தைப் பற்றியும் உயரமான பெரியவரைப் பற்றியும் தனக்குத் தெரிந்தவரையில் சொல்லியிருக்கிறாள். பாட்டி நெடுநேரம் பேசவில்லையாம். பிறகு, “இப்ராஹீம் என்றால் எங்கள் ஆபிரகாமா?” என்று கேட்டிருக்கிறார். ஆமாம், அவரேதான் என்று நம் சகோதரி சொல்லியிருக்கிறார்.